கையில் பணம் குறையும்போது ஆட்களை எப்படிக் கணக்குப் பார்ப்பது? சிறு தொண்டு நிறுவனங்களுக்கு வேலூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பங்குனி வந்தாலே தொண்டு நிறுவனக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். மார்ச் 31 அன்று ப்ராஜக்ட் முடிகிறது, ஏப்ரல் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இது வருடா வருடம் நடக்கும் கூத்துதான். ஆனால் 2025இல் நடந்தது வேறு. ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் போட்ட உத்தரவில் வெளிநாட்டு உதவி 90 நாளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மார்ச் 10 அன்று அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1 அன்று அந்த அமைப்பே கடையைக் கட்டியது. பிரிட்டனும் தன் உதவித் தொகையை தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாகச் சொல்லிவிட்டது.

காட்பாடியில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து நடத்தும் டிரஸ்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நமக்குக் கொடுப்பவருக்குக் கொடுப்பவர் கையை இழுத்துக்கொண்டால், நாலு மாதம் கழித்து நம் இன்பாக்ஸில் ஒரு மெயில் வரும். "மிகுந்த வருத்தத்துடன்" என்று தொடங்கும்.

அந்த மெயில் வந்த பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வடாற்காடு பக்கத்துச் சிறு நிறுவனங்களில் இருபது வருடம் கணக்கும் நிர்வாகமும் பார்த்தவன் நான். இதில் செய்த தப்பையும் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

2021 மார்ச்சில், நான் அப்போது இருந்த ஒரு நிறுவனத்தில் நிதி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பாலாற்றங்கரை ஊர்களில் இருந்த மூன்று அனிமேட்டர்களை, அதாவது ஊருக்குள் போய் வேலை பார்க்கும் களப்பணியாளர்களை, நிறுத்தினோம். அவர்களுடைய ஒப்பந்தம் ப்ராஜக்டோடு முடிகிறது, சம்பளமும் குறைவு, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அலுவலகத்தில் அறிக்கை எழுதும் இரண்டு பேரை வைத்துக்கொண்டோம். அவர்கள் போய்விட்டால் அடுத்த டோனருக்கு யார் எழுதுவது என்ற பயம். அந்த நவம்பரில், எத்தனையோ வருடமாக மணலாகவே பார்த்த பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் செத்துப்போனதும் அந்த மழையில்தான். எங்கள் அலுவலகத்தில் அரிசி மூட்டை வந்து இறங்கியது, தார்ப்பாய் வந்தது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒருத்தர் இல்லை. மூன்றாம் நாள், நாங்கள் நிறுத்திய அக்கா ஒருவர் தானாகவே வந்தார். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டை எடுத்தார். அட்டையில் மழைநீர் ஊறியிருந்தது. உள்ளே வீடு வீடாக, பென்சிலில், ஆள் பெயர், வயது, வியாதி, ரேஷன் கார்டு உண்டா இல்லையா என்று எழுதியிருந்தார். அந்த நோட்டை வைத்துத்தான் அன்று வண்டி கிளம்பியது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வாரம்: பெயர்ப் பட்டியலைத் தொடாதீர்கள்

மெயில் வந்த அன்றே செயலரும் மானேஜிங் டிரஸ்டியும் கதவைச் சாத்திக்கொண்டு, சம்பளப் பட்டியலில் பென்சிலால் சுழிக்க ஆரம்பிப்பார்கள். அப்படிச் சுழித்த பெயர்கள் பிறகு மாறவே மாறாது. மற்ற ஆய்வெல்லாம் அந்தச் சுழியை நியாயப்படுத்தத்தான் நடக்கும். அதனால் முதல் ஏழு நாள் பணத்தை மட்டும் பாருங்கள்.

வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. அதில் எது நம் கைக்கு வரும் என்பதுதான் கேள்வி. ஓர் உதாரணம் போடுகிறேன். வெளிநாட்டு நிதிக் கணக்கில் 14 லட்சம், உள்ளூர்க் கணக்கில் 4 லட்சம், ஆக 18 லட்சம். மாதச் செலவு நாலரை லட்சம். நாலு மாதம் ஓடும் என்று தோன்றும். ஆனால் அந்த 14 லட்சத்தில் பதினொன்றேகால் லட்சம் குழந்தைகள் படிப்புத் திட்டத்துக்கென்றே வந்தது, வேறு எதற்கும் தொடக்கூடாது. மிச்சம் ஆறேமுக்கால் லட்சம். அதாவது ஒன்றரை மாதம். நாலு மாதம் என்று நம்பி நடந்தால் இரண்டாம் மாதப் பாதியிலேயே கட்டுண்ட நிதியில் கை வைப்பீர்கள். நல்ல மனிதர்கள் நடத்திய பல நிறுவனங்கள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

அடுத்தது எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கணக்கு. இதை நிதானமாகப் படியுங்கள். 2020 திருத்தத்துக்கு முன் வெளிநாட்டு நிதியில் 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவு செய்யலாம் என்று இருந்தது. திருத்தம் அதை 20 சதவீதமாக்கியது. வருடம் ஒரு கோடி வந்தபோது நிர்வாகச் செலவு 18 லட்சம் என்றால் 18 சதவீதம், பிரச்சினை இல்லை. நிதி 60 லட்சமாகக் குறைகிறது. வாடகை அதேதான், கணக்காளர் அதே ஆள்தான், ஜீப்பும் அதே ஜீப்தான். செலவு 18 லட்சமாகவே நின்றால் இப்போது அது 30 சதவீதம். நீங்கள் ஒரு ரூபாய்கூட கூடுதலாகச் செலவழிக்கவில்லை, ஆனால் சட்டத்தை மீறிவிட்டீர்கள். உச்சவரம்பு இப்போது 12 லட்சம். மீதி 6 லட்சத்தை ஒன்று குறைக்க வேண்டும், இல்லை உள்ளூர் நிதிக்கு மாற்ற வேண்டும். களத்தில் ஆளைக் குறைத்து இந்த 6 லட்சத்தைச் சரிக்கட்ட முடியாது என்பதைக் கவனியுங்கள். நலப்பணியை நேரடியாகச் செய்பவர்களின் சம்பளம், பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் மாதிரி, நிர்வாகச் செலவில் சேராது. அலுவலகத்தைத்தான் குறைத்தாக வேண்டும்.

அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரக்கூடாது. சென்னையில் உள்ள பெரிய அமைப்பு நமக்குக் கொஞ்சம் தள்ளிவிடும் என்ற நம்பிக்கையை அன்றே விட்டிருக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: வேலையைப் பின்தொடர்ந்து போங்கள்

பணியிட விவரத்தாளை எடுத்துப் படிக்காதீர்கள். ப்ரொபோசலில் ஒட்டுவதற்காக எழுதியது அது. மூவ்மென்ட் ரிஜிஸ்டரையும் பெட்ரோல் பில்லையும் எடுங்கள். யார் எத்தனை நாள் வெளியே போனார்கள், எங்கே போனார்கள் என்பது அதில் இருக்கும். அப்புறம் வண்டி ஏறுங்கள்.

அணைக்கட்டு ஒன்றியத்து மலை ஊர்களுக்கு, பீஞ்சமந்தைப் பக்கம், ஒரு களப்பணியாளரோடு ஒரு வாரம் நான் கூடவே போனேன். அந்தத் தங்கச்சியின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் ஒரு பை. அதில் மூன்று ரிஜிஸ்டர், மூன்று டோனருக்கு. ஒரே வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரே அம்மாவின் பெயரை மூன்று முறை எழுதினார். ஒவ்வொன்றிலும் கைநாட்டு. பிறகு போனில் ஒரு ஃபோட்டோ, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு நடந்துபோய் அதை அனுப்பினார். ஆறு நாளில் இரண்டு நாள் இதற்கே போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் என்றால் மூன்று களப்பணியாளர்களில் ஒருவருடைய முழுச் சம்பளத்தை நாம் கைநாட்டுக்குக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். அதை ஒரே ரிஜிஸ்டராக்கினால் யாரையும் நிறுத்தாமலே ஓர் ஆளின் நேரத்தில் பெரும்பகுதி கிடைக்கிறது. டோனரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறோம். நெருக்கடிக் காலத்தில் அவர்களிடமும் அறிக்கை படிக்க ஆள் குறைந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் மூன்று கேள்வி போதும். இந்த வேலை நாளைக்கு நின்றால் முதலில் கவனிப்பது யார், ஊரா, டோனரா, நாமா? இதே வேலையை வேறு யாராவது பாதி செய்துகொண்டிருக்கிறார்களா? இந்த ஆளுக்குத் தெரிந்தது எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா, இல்லை அவர் தலையில் மட்டும் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு "தலையில் மட்டும்" என்று பதில் வந்தால், அந்தப் பணியிடத்தின் மேல் கை வைக்க ஆறு மாதமாவது ஆகும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வை யார் செய்வது என்ற சண்டை ஒன்று வரும். வெளியாள் என்றால் செலவு, உள்ளாள் என்றால் சந்தேகம். நிர்வாகக் குழுவில் ஒருவர், களத்திலிருந்து ஊழியர்களே தேர்ந்தெடுத்த ஒருவர், வெளியிலிருந்து காசு வாங்காத ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மாதிரி. இந்த மூன்று பேர் போதும்.

பாலாறு வந்தால் என்ன செய்வோம் என்ற சோதனை

2021இல் இதைச் செய்யாமல் விட்டதற்காகத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன். புதிய அமைப்பு வரைபடத்தை முடிவாக்கும் முன், ஒரு மதியம் எல்லோரும் உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். இரவு பதினொரு மணி, ஆந்திரப் பக்கம் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. முதல் போன் யார் யாருக்குப் போடுவது? குடியாத்தத்தில் பீடி சுற்றும் தெருக்களுக்குள் யார் போவது? தாசில்தார் அலுவலகத்தில் நம் பெயரைச் சொன்னால் தெரிந்துகொள்ளும் ஆள் யார்? பதில் வராத கட்டம் எதுவோ, அந்த இடத்தில் நீங்கள் வெட்டியது தப்பு.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மாவட்டம் மூன்றானதையும் மறக்காதீர்கள். பழைய வரைபடத்தில் ஒரு கோஆர்டினேட்டர் ஒரு கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்தார். இப்போது மூன்று. ஆம்பூரும் பேரணாம்பட்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் மனு போவது வேறு வேறு மாவட்டத்துக்கு. ஆளைக் குறைத்துக்கொண்டு மூன்று மாவட்டத்தையும் வைத்துக்கொள்வதைவிட, ஒரு மாவட்டத்தை விட்டுவிடுவது பல நேரம் நேர்மையானது. சொல்வதற்குக் கசப்பாக இருக்கும்.

எந்த அடுக்கை எடுப்பது

என் கருத்து வெளிப்படையானது: மேலிருந்து ஆரம்பியுங்கள். பெரிய அமைப்புகளே அப்படித்தான் ஆரம்பித்தன. உலக சுகாதார நிறுவனம் 2025 ஏப்ரலில் தன் தலைமைக் குழுவை 14 பேரிலிருந்து 7 ஆகவும், துறைகளை 76இலிருந்து 34 ஆகவும் குறைப்பதாக அறிவித்தது. அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு அதே ஜூனில் ஏறக்குறைய 3,500 பணியிடங்களை நீக்குவதாகச் சொன்னபோது, ஜெனீவாவிலும் மண்டல அலுவலகங்களிலும் மூத்த பதவிகளில் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துவிட்டதாகவும் சொன்னது. அவர்களும் களத்தில் நிறைய இழந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மேலேயும் கை வைத்தார்கள்.

இருபத்தைந்து பேர் உள்ள நிறுவனத்தில் இயக்குநர், துணை இயக்குநர், திட்ட மேலாளர், கோஆர்டினேட்டர், அனிமேட்டர் என்று ஐந்து படி எதற்கு? நடுவில் இருப்பவர் கீழிருந்து வரும் தாளை வாங்கி மேலே கொடுக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, நாம்தான் பதவி உயர்வு கொடுக்க வேறு வழி தெரியாமல் படி கட்டினோம். திட்ட மேலாளரே இரண்டு நாள் களத்துக்குப் போகட்டும்.

ஆளை அனுப்பும் முன் செய்யக்கூடியவை சில உண்டு. வாடகைக் கட்டடத்தை விட்டுச் சின்ன இடத்துக்குப் போவது. ஜீப்பை விற்றுத் தேவைப்படும் நாளுக்கு வாடகை வண்டி. பக்கத்து நிறுவனமும் நீங்களும் ஒரே கணக்காளரை ஆளுக்கு மூன்று நாள் வைத்துக்கொள்வது. இதில் சம்பளத்தை இரண்டு நிறுவனமும் தனித்தனியே நேரடியாகக் கொடுக்க வேண்டும், ஒருவர் வாங்கி இன்னொருவருக்குத் தரக்கூடாது. எஃப்சிஆர்ஏ பணத்தில் அது வம்பு. சம்பளக் குறைப்பு என்று வந்தால் எல்லோருக்கும் பத்து சதவீதம் என்று போடாதீர்கள். 12,000 வாங்கும் டிரைவரின் 1,200 ரூபாய் அவர் வீட்டு கேஸ் சிலிண்டர். 60,000 வாங்குபவருக்கு 25 சதவீதம், நடுவில் 10, கீழே பூஜ்யம் என்று படி வையுங்கள். முதல் கையெழுத்து இயக்குநருடையதாக இருக்கட்டும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதி, கேட்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். கேளுங்கள். சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பணம் ஒரு திட்டத்துக்கு வரும், உங்கள் கரண்ட் பில்லுக்கு வராது.

கொடுக்க வேண்டியதைக் கணக்குப் போடுங்கள்

ஆளைக் குறைத்தால் உடனே மிச்சம் என்பது பொய்க் கணக்கு. முதல் மாதம் செலவு கூடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை, நாம் கிராஜுவிட்டி என்று சொல்வது, கட்டாயம். கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். 15,600 ரூபாய் வாங்கி ஒன்பது வருடம் இருந்தவருக்கு, வருடத்துக்கு 9,000 வீதம் 81,000 ரூபாய். இது எந்த டோனர் பட்ஜெட்டிலும் இருக்காது. தனியாக ஒதுக்கி வைக்காதவர்கள் இப்போது முழிப்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதன்படி குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை வருகிறது. அலவன்ஸ் எனப்படும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போனது சம்பளமாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் தொகையும் கூடலாம். வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

இரண்டு பொறிகள். ஒன்று, ஆள் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே வந்துவிட்டால் பி.எஃப். கட்ட வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம் ஆள் குறைந்ததால் வெளியே போக முடியாது. பணிக்கொடைக்கும் அப்படியே. இரண்டு, "நாம் தொண்டு நிறுவனம், தொழிற்சாலை இல்லை" என்ற வாதம். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தொண்டு அமைப்புகளும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரலாம் என்றது. புதிய தொழில் உறவுத் தொகுப்பு தொண்டு சேவை அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கிறது. அந்த விலக்கு ஆட்குறைப்பு நடைமுறை மாதிரி அந்தத் தொகுப்பில் உள்ள விதிகளுக்குத்தான். பணிக்கொடைக்கும் பி.எஃப்.புக்கும் அதைக் காட்டித் தப்ப முடியாது. சம்பளத்துக்கு ஹானரேரியம் (மதிப்பூதியம்) என்று பெயர் வைத்தும் தப்ப முடியாது.

சொல்வது

மெயிலில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். எல்லோருக்கும் நிலைமையை ஒரே நாளில், ஒரே கூட்டத்தில், எண்களோடு சொல்லுங்கள். யார் போகிறார்கள் என்பதைத் தனித்தனியே, உட்கார வைத்து, இயக்குநரே சொல்லட்டும். கணக்காளரை அனுப்பிச் சொல்லச் சொன்ன ஓர் இயக்குநரை எனக்குத் தெரியும். அந்தக் கணக்காளர் நான்தான்.

"இன்னா சார், நான் எதுனா தப்பு பண்ணிட்டேனா?" என்றார் பதினோரு வருடம் வேலை பார்த்தவர்.

"இல்லண்ணா, ஃபண்டு வர்ல."

"அப்போ அத மீட்டிங்ல சொல்லலாம் இல்ல சார். எனக்கு மட்டும் எதுக்குத் தனியா சொல்றீங்க?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் முதலில் பொதுக் கூட்டம், பிறகு தனி என்று சொல்கிறேன். போகிறவருக்குக் கையில் மூன்று தாள் கொடுங்கள்: பணிச் சான்று, வரவேண்டிய தொகையும் தேதியும், பி.எஃப். விவரம். இன்னொரு வேலைக்கு உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்கும் சொல்ல வேண்டும்

அநேகமாக எல்லா நிறுவனமும் தவறவிடும் படி இதுதான். அனிமேட்டர் ஒருநாள் வராமல் போகிறார், ஊர் காத்திருக்கிறது. அவரிடம் முதியோர் உதவித்தொகை மனுவின் நகல் இருக்கும், மகளிர் குழுவின் பாஸ்புக் இருக்கும், செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குடும்பத்தின் விடுவிப்புச் சான்று இருக்கும். அந்தச் சான்று இல்லாமல் மறுவாழ்வுத் தொகை வராது. கடைசி இரண்டு வாரம் அவருக்கு வேறு வேலையே கொடுக்காதீர்கள். வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, தலையில் இருப்பதை நோட்டில் எழுதி, இனி வரப்போகிறவரைக் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்தட்டும். அந்த இரண்டு வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இத்தனையையும் நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் காரணத்தோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த மூன்று பேர் குழு மீண்டும் உட்காரட்டும், 20 சதவீதக் கணக்கு மீண்டும் போடப்படட்டும்.

அதே நாளில், ஊராட்சி அலுவலகச் சுவரில் 'உதவிக்கு அழைக்கவும்' என்று நாம் பெயின்டில் எழுதி வைத்த எண்ணுக்கும் போன் போட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை போட்டேன். எடுத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், பின்னால் மெஷின் சத்தம். நாங்கள் ஒரு வருடம் முன்பு அனுப்பிவிட்ட அனிமேட்டர்தான். நான் யார் என்று சொல்வதற்கு முன்னாலேயே, "சொல்லுங்க, எந்த ஊரு? யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார்.